சுசுகி கிராண்ட் விட்டாரா: 1,62,000 கி.மீ. ஓடிய தானியங்கிக் கியர்பெட்டியில் இனிமேல் எண்ணெய் மாற்றலாமா?

நீலக்கரை, இசிப்பிங்கோ

வணக்கம். தானியங்கிக் கியர் கொண்ட சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியைப் பல ஆண்டுகள் வைத்துப் பராமரித்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2011-ஆம் ஆண்டின் சுசுகி கிராண்ட் விட்டாரா. 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு வேகத் தானியங்கிக் கியர்பெட்டி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்றாவது உரிமையாளராக வாங்கினேன். இப்போது 1,62,000 கி.மீ. காட்டுகிறது. எஞ்சின் எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு முறைக்கும் சர்வீஸ் புத்தகத்தில் முத்திரையும் தேதியும் ஒழுங்காக இருக்கின்றன. கியர்பெட்டி எண்ணெயை யாராவது எப்போதாவது மாற்றினார்களா என்பதற்கோ ஒரு வரிகூட இல்லை.

வண்டி நன்றாகவே ஓடுகிறது. காலையில் முதல்முறை எடுக்கும்போது பின்னோக்கும் கியரில் போட்டால் ஒரு கணம் தாமதித்துப் பிடிக்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது மெல்லிய உதைப்பு ஒன்று தெரிகிறது. சூடேறிய பிறகு இரண்டும் மறைந்துவிடுகின்றன. தைப்பூசத்தின்போது கோவிலின் அண்டாக்களையும் அடுப்புகளையும் ஏற்றிய டிரெய்லரை கேட்டோ மேனர் வரை இழுத்துச் செல்வது ஒவ்வோர் ஆண்டும் என் பொறுப்பு. அது டர்பனில் வெயில் மிகக் கடுமையாக இருக்கும் காலம். கூட்டத்திற்கு நடுவே நகர்வதும் நிற்பதுமாகவே போக வேண்டியிருக்கும். வரும் குளிர்காலத்தில் குடும்பத்தோடு சானி கணவாய் என்ற மலைப்பாதையில் ஏறவும் எண்ணியிருக்கிறேன்.

இரண்டு பட்டறைகளில் கேட்டேன். ஒருவர், இத்தனை கி.மீ. மாற்றாமல் ஓடிய பெட்டியைத் தொடவே கூடாது, தொட்டால் ஒரே மாதத்தில் போய்விடும் என்றார். மற்றவர், இயந்திரத்தை இணைத்து முழு எண்ணெயையும் ஒரே மணி நேரத்தில் தள்ளி மாற்றித் தருவதாகச் சொன்னார். இரண்டு பதிலுமே என்னை அச்சுறுத்துகின்றன. நான் எதைச் செய்ய வேண்டும்?

பழைய பட்டறை, பீனிக்ஸ்

தம்பி, முப்பத்தோரு ஆண்டுகள் கியர்பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிய கை இது. இப்போது பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்ன இரண்டு பதில்களையும் என் காலத்திலேயே ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் அல்ல, வெள்ளைத் தாளில் இரண்டு சொட்டு விடுங்கள். சொட்டு பரவி, நடுவில் கரும்புள்ளி தேங்காமல் ஒரே பழுப்பாக இருந்தால் அது வயதான எண்ணெய், அவ்வளவுதான். நடுவில் கருமை தேங்கி ஓரத்தில் மட்டும் வெளிறிய வளையம் பரவினால் அதில், பெட்டிக்குள் கியர்களைப் பற்றி இணைக்கும் கிளட்ச் தட்டுகளின் தூள் மிதக்கிறது. பிறகு முகர்ந்து பாருங்கள். அடிப்பிடித்த சோற்றின் வாடைபோல மூக்கில் ஏறினால் தட்டுகள் கருகியிருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் வண்டியைக் கிளப்பவே கூடாது.

அடுத்து, வண்டி வழுக்குகிறதா என்று பாருங்கள். மேட்டில் ஏறும்போது எஞ்சின் சுற்று உயர்ந்து, வண்டியின் வேகம் அதற்கேற்ப உயராமல் நின்றால் அது வழுக்கல். நீங்கள் எழுதியதில் அது இல்லை. காலைத் தாமதமும் மெல்லிய உதைப்பும் மட்டும்தான் என்றால், என் கருத்தில் உங்கள் பெட்டி எண்ணெய் மாற்றத்திற்குத் தகுதியானதே. ஆனால் இயந்திரத்தால் தள்ளி மாற்ற வேண்டாம். அடித்திருகைக் கழற்றி வடித்து, வடிந்த அளவே ஊற்றி, சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடியும் அதையே செய்யுங்கள்.

மேரிபேங்க் மைத்துனன்

ஐயா மீது மரியாதை வைத்தே மறுக்கிறேன். என் அக்காவின் கணவர் வைத்திருந்த சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி 1,80,000 கி.மீ. வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றினார்கள். பதினாறாம் நாள் மூன்றாவது கியர் பிடிக்கவில்லை, மாதம் முடிவதற்குள் பின்னோக்கும் கியரும் போய்விட்டது. பழைய பெட்டி ஒன்று வாங்கிப் பொருத்துவதற்கு வண்டியின் மதிப்பில் பாதி செலவாயிற்று. அந்த வண்டியை நம்பித்தான் அவர் தினமும் டோங்காட் வரை வேலைக்குப் போய்வந்தார். ஓடுகிற ஒன்றை ஏன் கலைக்க வேண்டும் என்பதே என் கேள்வி. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நீலக்கரை அண்ணனுக்கும் அதே நட்டம் வரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பழைய பட்டறை, பீனிக்ஸ்

உங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு நேர்ந்தது பெரிய நட்டம், தம்பி. அதைத் தள்ளிவிட்டுப் பேச மாட்டேன். மூன்று விவரங்கள் மட்டும் தெரிய வேண்டும். மாற்றுவதற்கு முன் அந்த வண்டியில் ஏதாவது குறை தெரிந்ததா? எப்படி மாற்றினார்கள்? என்ன எண்ணெய் ஊற்றினார்கள்?

மேரிபேங்க் மைத்துனன்

இன்று மாலை அவரிடமே கேட்டேன். மலைச்சரிவில் ஏறும்போது சில மாதங்களாகவே எஞ்சின் இரைச்சல் கூடுதலாகவும் இழுவை குறைவாகவும் இருந்ததாம். அதைச் சொல்லித்தான் வண்டியைப் பட்டறையில் விட்டிருக்கிறார். இயந்திரம் வைத்து மாற்றினார்கள். பில்லில் எண்ணெயின் வகை எழுதப்படவில்லை, தானியங்கி வண்டி எண்ணெய் என்று மட்டும் இருக்கிறது.

பழைய பட்டறை, பீனிக்ஸ்

கேட்டுச் சொன்னதற்கு நன்றி. இப்போது நடந்தது என்னவென்று ஓரளவு சொல்ல முடியும். அந்தப் பெட்டி பட்டறைக்குள் நுழையும்போதே வழுக்கிக்கொண்டிருந்தது, அதாவது தட்டுகளின் உராய்வுப் பூச்சு ஏற்கனவே தேய்ந்து முடிந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது. எண்ணெய் மாற்றினால் பெட்டி சாகும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தது. நோய் முற்றிய பிறகே மக்கள் எண்ணெயை நினைக்கிறார்கள். மாற்றிய பின் பெட்டி நிற்கிறது. பழி எண்ணெயின் மேல் விழுகிறது. அதற்கு மேல், வகை தெரியாத எண்ணெயை ஊற்றியதும், பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் அடிச்சட்டியைத் திறந்து வண்டலை எடுக்காமல் இயந்திரத்தால் ஓட்டத்தைக் கூட்டியதும் சேர்ந்திருக்கின்றன. அடியில் படிந்து கிடக்கும் தூள் கிளம்பினால், எண்ணெயைத் திசைதிருப்பிக் கியரை மாற்றும் வால்வு பாடியின் மிகச் சிறிய வழிகளில்தான் போய் அடைக்கும். இயந்திர முறையே தவறு என்று சொல்ல மாட்டேன், 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றிவந்த சுத்தமான பெட்டிக்கு அது தீங்கில்லை. வரலாறு தெரியாத பெட்டிக்கு அது கூடாது.

நீலக்கரை தம்பிக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். அடித்திருகைக் கழற்றினால் முழு எண்ணெயும் வராது. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும், வால்வு பாடியிலும், குளிர்விப்பான் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். கணக்கிற்காகப் பெட்டி ஏழு லிட்டர் கொள்வதாகவும், ஒரு முறைக்கு 2.8 லிட்டர் வடிவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ஊற்றியதும் உள்ளே இருப்பதில் நூற்றுக்கு 40 பங்கு புதியது. இரண்டாம் முறை 64 ஆகும், மூன்றாம் முறை 78, நான்காம் முறை 87. மூன்றோடு நிறுத்துவதே போதும், நான்காவதில் கிடைக்கும் பலன் அதற்கு ஆகும் எண்ணெய்க்கு ஈடாகாது. இம்முறையில் பெட்டிக்குள் எதுவும் திடீரென மாறுவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். முதல் மாற்றத்திற்குப் பிறகு குறி ஏதாவது தென்பட்டால் அங்கேயே நின்று யோசிக்க இடமிருக்கிறது.

ஆய்வகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் எண்ணெய் மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். ஐயா சொன்னதற்குப் பின்னால் இருக்கும் வேதியியலைச் சேர்க்கிறேன், ஏனெனில் எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு இங்கே இன்னும் யாரும் முழுமையாக வரவில்லை.

எஞ்சின் எண்ணெய் பெரும்பாலும் உயவு வேலையைத்தான் செய்கிறது. கியர்பெட்டி எண்ணெயோ எதிரெதிரான பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் விசையைக் கடத்துவது அந்தத் திரவமே. வால்வுகளைத் தள்ளும் அழுத்தமும் அதனுடையதே. பல்சக்கரங்களுக்கு வழுவழுப்பைத் தர வேண்டும். அதே கணத்தில் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அளவுக்கு உராய்வையும் விட்டுவைக்க வேண்டும். இந்தச் சமநிலையைக் காப்பவை உராய்வை மாற்றியமைக்கும் சேர்மங்கள். கியர் மாறும்போது வரும் உதைப்பும் நடுக்கமும் பல நேரங்களில் இந்தச் சேர்மங்கள் தீர்ந்துவிட்டதன் அறிகுறி.

இதில் டர்பன்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1967-இல் டெக்ஸ்ரான் என்ற பெயரில் வெளியிட்ட எண்ணெயில் உராய்வை மாற்றியமைக்கும் பொருளாக எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயே பயன்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் இனமாகப் பாதுகாக்கத் தொடங்கியதும், வேதியியலாளர்கள் அவசரமாகச் செயற்கை மாற்றுகளைத் தேட வேண்டியதாயிற்று. நம் பிளஃப் குன்றின் கடற்புறத்தில் இருந்த திமிங்கில நிலையம் 1975 வரை இயங்கியது. என் தாத்தா காற்று திரும்பும் நாட்களில் அதன் நாற்றம் ஊருக்குள் வந்ததைச் சொல்வார். ஒரு கடல் உயிரின் தலையில் இருந்த மெழுகு எஸ்டர்கள் கார்களின் கியர் மாற்றத்தை மென்மையாக்கின என்பதை நான் மாணவியாக இருந்தபோது படித்து, அன்று இரவு வெகுநேரம் தூங்காமல் இருந்தேன்.

எண்ணெய் ஏன் கெடுகிறது என்றால், முதன்மையான காரணம் வெப்பம். எண்ணெயின் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் ஆக்சிஜனேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எங்கள் துறையில் நடைமுறைக் கணக்கு. ஆகவே ஆயுள் முழுவதற்கும் போதுமான எண்ணெய் என்ற சொல்லை, மிதமான வெப்பத்தில் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி வெயிலில், டிரெய்லரோடு, மணிக்கு ஐந்து கி.மீ. வேகத்தில் நகரும் வண்டிக்கு அது பொருந்தாது.

எண்ணெயின் வகையைப் பொறுத்தவரை, உங்கள் கையேட்டில் என்ன எண் அச்சிட்டிருக்கிறதோ அதிலிருந்து விலகாதீர்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கும் புட்டிகளை நான் என் வண்டிக்கு வாங்குவதில்லை. டெக்ஸ்ரான் 3 என்ற பெயரில் இன்றும் எண்ணெய் விற்கிறது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தரத்திற்கு உரிமம் வழங்குவதை 2006-இன் இறுதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பின் அந்தப் பெயரைப் புட்டியில் அச்சிடுபவரைச் சோதிக்க யாரும் இல்லை. படிகளாக இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும் சிவிடி வகைக் கியர்பெட்டிக்கான எண்ணெய் முற்றிலும் வேறு. அதை இதில் ஊற்றினால் கெடும், இதை அதில் ஊற்றினாலும் கெடும். நிறத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம். சிவப்பு என்பது ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்காகச் சேர்க்கப்படும் சாயம் மட்டுமே.

நீலக்கரை, இசிப்பிங்கோ

அக்கா, ஐயா, மைத்துனன் தம்பி, மூவருக்கும் நன்றி. வெள்ளைத் தாள் சோதனையைச் செய்தேன். சொட்டு ஒரே சீராகப் பழுப்பாகப் பரவியது, நடுவில் கருமை தேங்கவில்லை, கருகிய வாடையும் இல்லை. பீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் டிரெய்லர் இல்லாமல் ஏறிப் பார்த்தேன், வழுக்கல் தெரியவில்லை. கையேட்டில் சுசுகியின் 3317 என்ற எண் இருக்கிறது. விற்பனையகத்தில் கிடைக்கிறது, விலை அதிகம்தான், இருந்தாலும் அதையே வாங்கப் போகிறேன். ஆகவே மூன்று முறை வடித்து ஊற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். அடிச்சட்டியைக் கழற்றி ஃபில்டரையும் மாற்ற வேண்டுமா?

புதுவண்டி, லெனேசியா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது சுசுகியின் தானியங்கி ஜிம்னி, இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருக்கிறது. வெளிப் பட்டறையில் கியர்பெட்டி எண்ணெய் மாற்றினால் உத்தரவாதம் போய்விடுமா?

ஆய்வகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

போகாது. நம் தென்னாப்பிரிக்காவின் போட்டி ஆணையம் வாகனச் சந்தைக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உத்தரவாதக் காலத்திலும் வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ளும் உரிமையை அவை உரிமையாளருக்குத் தருகின்றன. ஆனால் அந்த வேலையினாலேயே ஏதாவது உடைந்தால், அந்தச் சேதத்தை வண்டி நிறுவனம் ஏற்க வேண்டியதில்லை. எண்ணெயின் எண், அளவு, தேதி, கி.மீ. ஆகிய நான்கும் பில்லில் எழுதப்பட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய பட்டறை, பீனிக்ஸ்

நீலக்கரை தம்பி, சட்டியை ஒருமுறை திறக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் முறையிலேயே திறக்காதீர்கள். இரண்டாம் வடிப்பின்போது திறவுங்கள். அதற்குள் புதிய எண்ணெய் கொஞ்சம் வண்டலை இளக்கிச் சட்டிக்குக் கொண்டுவந்திருக்கும், அதை ஒரேயடியாகத் துடைத்தெடுக்கலாம். புதிய கேஸ்கெட் இல்லாமல் சட்டியைக் கழற்றாதீர்கள். சட்டியின் போல்ட்டுகள் சிறியவை. எஞ்சின் போல்ட்டுகளைப் போல இறுக்கினால் அலுமினிய உடலின் மரை உரிந்துவிடும், பிறகு ஒழுகலை நிறுத்துவது பெரும்பாடு. குறுக்குமறுக்காக, இரண்டு மூன்று சுற்றுகளில், கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

சட்டிக்குள் காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறக் களிம்பு படிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது இரும்பின் மிக நுண்ணிய தூள், எல்லா வண்டியிலும் இருக்கும். விரலிடையே தேய்த்தால் மாவுபோல இருக்க வேண்டும். ஊசிபோன்ற துணுக்குகளோ, காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் உலோகத் துகள்களோ இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், மேற்கொண்டு ஒரு லிட்டர்கூட ஊற்ற வேண்டாம்.

இனி முக்கியமான இடம், எண்ணெயின் அளவு. நான் பார்த்த பழுதுகளில் பல, நல்ல எண்ணெயைத் தவறான அளவில் ஊற்றியதால் வந்தவை. குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கிக் கருகும். கூடினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையும் காற்றுதான், விளைவும் அதேதான். ஆகவே வடிந்ததை அளவுக் குடுவையில் ஊற்றி அளந்து, அதே அளவை மட்டும் புனல் வழியாக டிப்ஸ்டிக் குழாயில் ஊற்றுங்கள். பிறகு எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி கியர் கம்பியை ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி, மீண்டும் பார்க்கிங் நிலைக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் 70 முதல் 80 டிகிரி சூட்டுக்கு வர அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டியிருக்கும். அந்தச் சூட்டில், சமதளத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு அளந்தால், கன்வெர்ட்டரில் இருந்து திரும்பிய எண்ணெய் அளவைக் கூட்டிக் காட்டும். துடைப்பதற்கு நூல் உதிராத துணி வேண்டும்; ஒரு சிறு நூலிழை ஒரு வால்வைத் திறந்த நிலையிலேயே நிறுத்திவிடும்.

வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். வடிக்கும்போது எண்ணெய் கையைச் சுடும் என்பதையும் மறக்க வேண்டாம். வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

மலைப்பாதை, ஹிமெவில் பக்கம்

ஐயா சொன்ன பாதுகாப்போடு நான்கு சக்கர இயக்கத்திற்கே உரிய ஒன்றைச் சேர்க்க வேண்டும். கியர்பெட்டியின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில், கிராண்ட் விட்டாராவுக்கு நடுநிலை ஒன்று உண்டு. அது நடுநிலையில் இருந்தால், கியர் கம்பி பார்க்கிங்கில் நின்றாலும் சக்கரங்கள் பூட்டப்பட்டிருக்காது, ஏனெனில் பார்க்கிங் பூட்டு கியர்பெட்டிக்குள் இருக்கிறது; அதற்கும் சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பை டிரான்ஸ்ஃபர் கேஸ் அறுத்துவிடுகிறது. அடியில் படுப்பதற்கு முன் அந்தக் குமிழைப் பாருங்கள், கைப்பிரேக்கைப் போடுங்கள், சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். இதை ஒருமுறையாவது தவறவிட்டவர் எனக்குத் தெரியும். கால் எலும்பு ஒன்றுசேர எட்டு மாதம் ஆயிற்று.

சானி ஏறுவதாகச் சொன்னதால் இன்னொன்று. கணவாயின் உச்சி 2,876 மீட்டர். டர்பனில் கடல்மட்டத்தில் புறப்பட்டு ஒரே நாளில் அத்தனை உயரத்திற்கு ஏறப்போகிறீர்கள். மேலே போகும் கல் பாதையில் வளைவுகள் மிகக் கூர்மையானவை, வேகம் நடைவேகத்திற்கு அருகில்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸைச் சாதாரணச் சாலைக்கான உயர் வரிசையில் வைத்து ஏறினால் கன்வெர்ட்டர் இடைவிடாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்கும். செங்குத்துத் தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, வேகம் குறைந்து இழுவை கூடும் தாழ் வரிசைக்கு மாறிக்கொள்ளுங்கள். எஞ்சின் சுற்றுக்கு ஏற்ற இழுவிசை சக்கரத்தில் கிடைப்பதால் கன்வெர்ட்டரின் வழுக்கல் வெகுவாகக் குறைகிறது. இறங்கும்போதும் அதே வரிசையில் முதல் கியரில் இறங்கினால் பிரேக்குகள் அதிகம் சூடேறாது. பலர் இறக்கத்தில் மட்டும் தாழ் வரிசையை நினைக்கிறார்கள். தானியங்கி வண்டிக்கு அது ஏற்றத்தில்தான் அதிகமாகத் தேவைப்படுகிறது. மணலிலும் இதே கதைதான். மொசாம்பிக்கின் போன்டா டோ ஓரோ கடற்கரைப் பக்கம் போகும் நம்மவர்கள் டயரின் காற்றைக் குறைக்காமல் எஞ்சினை இரையவிட்டுத் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணெய் இழக்கும் ஆயுள், ஊரில் ஓட்டும் பல மாதங்களுக்குச் சமம் என்பது என் எண்ணம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ், இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி கியர் எண்ணெய் உண்டு. அவற்றில் தானியங்கிக் கியர்பெட்டியின் சிவப்பு எண்ணெயை ஊற்ற வேண்டாம். அந்த மூன்றிலும் வடிப்பதற்கு முன்பே ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு மேல் திருகு துருவேறிப் பிடித்துக்கொண்டால் வண்டி அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஆற்றைக் கடந்த வண்டி என்றால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாக ஈரத்தை இழுக்கும். தானியங்கிக் கியர்பெட்டியில் இருக்கும் கிளட்ச் தட்டுகளின் பூச்சு காகித நாரால் ஆனது. நீர் பட்டால் ஊறி உரிந்துவிடும்.

நீலக்கரை, இசிப்பிங்கோ

நடந்ததை எழுதுகிறேன். ஏழு வாரங்கள் ஆயிற்று.

முதல் வடிப்பில் 2.9 லிட்டர் வந்தது. நிறம் காய்ச்சிய தேயிலைச் சாயம். அதே அளவு ஊற்றி, முற்றத்தில் அளந்தபோது கோட்டுக்கு மேலே காட்டியது. அளந்துதானே ஊற்றினோம் என்று திகைத்தேன். காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டு முற்றம் தெருவை நோக்கிச் சற்றுச் சரிகிறது. கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நீர்மட்டம் வைத்துப் பார்த்தால் சரிவு இருக்கிறது. மகள் படிக்கும் பள்ளியின் வாகன நிறுத்தத்தில் போய் நிறுத்தி அளந்தேன், கோட்டுக்குள் சரியாக நின்றது. ஒருவேளை எண்ணெயை உறிஞ்சி எடுத்திருந்தால் பெட்டியைக் குறை அளவில் ஓட்டியிருப்பேன். இதைப் படிப்பவர்கள் தங்கள் முற்றத்தை முதலில் நீர்மட்டத்தால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்நூறு கி.மீ. கழித்து இரண்டாம் வடிப்பு, சட்டியைத் திறந்து. காந்தங்கள் இரண்டும் சாம்பல் களிம்பால் முள்ளம்பன்றிபோல நிமிர்ந்திருந்தன. விரலில் தேய்த்தேன், மாவாகவே இருந்தது. ஊசித் துணுக்கு இல்லை, மஞ்சள் துகள் இல்லை. சட்டியின் அடியில் இருந்த கரிய பூச்சைத் துடைக்க இரண்டு மணி நேரமாயிற்று. ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றினேன். சட்டி இறங்கியதால் இம்முறை 3.4 லிட்டர் தேவைப்பட்டது. இன்னும் ஐந்நூறு கி.மீ. கழித்து மூன்றாவது, அன்று வடிந்த எண்ணெய் வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு தெரியும் அளவுக்கு வந்துவிட்டது.

பலனை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இருந்த உதைப்பு இரண்டாம் மாற்றத்திற்குப் பிறகு நின்றுவிட்டது. காலையில் பின்னோக்கும் கியரில் வரும் தாமதம் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. வழுக்கலோ புதிய சத்தமோ எதுவும் இல்லை.

பழைய பட்டறை, பீனிக்ஸ்

காலைத் தாமதம் முழுவதும் எண்ணெயால் வந்ததல்ல என்று இப்போது தெரிகிறது. உள்ளே ஏதோ ஒரு ரப்பர் சீல் இறுகியிருக்கும், இரவில் அழுத்தம் வடிந்துவிடுகிறது. தாமதம் அதிகமாகாத வரை விட்டுவிடுங்கள். கியரில் போட்டதும் பிடிக்கும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இரண்டு நொடி பொறுங்கள். பிடிக்காத கியரில் எஞ்சினை உயர்த்தினால் அந்த அடியைத் தட்டுகள்தான் வாங்கும். வண்டல் வந்த அளவைப் பார்த்தால், அடுத்த மாற்றத்தை 40,000 கி.மீ.க்கு வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் இழுப்பது தொடரும் என்றால் தனிக் குளிர்விப்பான் ஒன்றைப் பொருத்துவதையும் யோசியுங்கள்.

மேரிபேங்க் மைத்துனன்

நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி, அண்ணா. அக்கா வீட்டுக்காரரிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். வழுக்கல் தொடங்கிய அன்றே யாராவது இதைச் சொல்லியிருந்தால் என்று கேட்டார். புதிதாகப் பொருத்திய பெட்டியின் எண்ணெயை வரும் சனிக்கிழமை வெள்ளைத் தாளில் சொட்டு விட்டுப் பார்க்கப் போகிறோம். ஒன்று கேட்க வேண்டும்: வடித்த பழைய எண்ணெயை எங்கே கொடுப்பது?

ஆய்வகம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பழைய எண்ணெய் சட்டப்படி ஆபத்தான கழிவு; சாக்கடையிலோ மண்ணிலோ விடக்கூடாது. 1994 முதல் இயங்கும் ரோஸ் அறக்கட்டளை நாடெங்கும் பழைய எண்ணெய் சேகரிக்கும் ஏற்பாட்டை நடத்துகிறது. கியர்பெட்டி எண்ணெயையும் அங்கே எடுத்துக்கொள்வார்கள். பல பட்டறைகளிலும் நகராட்சியின் கழிவு மையங்களிலும் அதற்கான தொட்டி இருக்கும். புதிய எண்ணெய் வந்த அதே புட்டிகளில் ஊற்றி மூடிக் கொண்டுபோங்கள். ரேடியேட்டர் நீரையோ, பிரேக் எண்ணெயையோ, பெட்ரோலையோ அதில் கலந்துவிடாதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு ஆகாது. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வடிப்பிலிருந்தும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி அளவு எடுத்து, தேதியும் கி.மீ.யும் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வடிவதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நீலக்கரை, இசிப்பிங்கோ

மூன்று குப்பிகளையும் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கிறேன், அக்கா. ஜூலை இரண்டாம் வாரம் சானி ஏறுகிறோம். திரும்பி வந்ததும் டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டுத் தாளில் விட்டு, அதன் படத்தை இந்த இழையிலேயே போடுகிறேன்.